சம்பளம் வருவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவுகள்

ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. சம்பளப் பட்டியல் போடுவது, பிடித்தங்களைக் கழிப்பது, முன்பணம் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பதிந்து மேலே அனுப்புவது. பணத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது இந்த மூன்றாவது வேலைதான். விண்ணப்பத்தில் எல்லாரும் "அவசரத் தேவை" என்றுதான் எழுதுவார்கள். கோப்பைத் திருப்பினால் போன வருடமும் அதே மாதம், அதே ஆள், அதே காரணம் இருக்கும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, வண்டிக்கு டயர் மாற்றுவது. உண்மையிலேயே திடீரென்று வந்து விழுந்தவை, அதாவது நோய், விபத்து, சாவு, மிகக் குறைவு.

முன்பணம் கேட்டவர்கள் ஊதாரிகளும் இல்லை. பலர் என்னைவிடச் சிக்கனமானவர்கள். ஆனால் "எனக்குப் பணம் கையில் நிக்காது மேடம்" என்று தங்களையே குறை சொல்லிக்கொண்டு நிற்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. குறை அவர்களுடைய குணத்தில் இல்லை, முடிவெடுத்த நேரத்தில்தான் இருந்தது. கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்த பிறகு எடுக்கும் முடிவில் ஒரே கேள்விதான் மிஞ்சும்: யாரிடம் கேட்பது? அதே முடிவை ஆறு மாதம் முன்னால் எடுத்திருந்தால் பல வழிகள் திறந்திருக்கும்.

நெருக்கடி வேளையில் மனம் சரியாக யோசிக்காது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 2013இல் செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர் ஆகியோரின் குழு, கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன் ஒரு முறையும், அறுவடைப் பணம் வந்த பின் ஒரு முறையும் சிந்தனைத் திறன் சோதனை வைத்தது. ஆள் ஒருவரே. பணம் இல்லாத நாட்களில் மதிப்பெண் குறைந்தது, பணம் வந்த பின் ஏறியது. ஆகவே கீழே சொல்லப்போகும் எதையும் மாதக் கடைசியில் உட்கார்ந்து செய்யாதீர்கள். சம்பளம் வந்து, வாடகையும் கட்டி முடித்து, மனசு கொஞ்சம் லேசாக இருக்கும் ஒரு காலைப்பொழுதில் செய்யுங்கள்.

முதல் வேலை: வருடச் செலவுப் பட்டியல்

மாதச் செலவைக் குறிப்பெடுக்கச் சொல்லி எல்லாரும் அறிவுரை தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் குடும்பத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மாதச் செலவு அல்ல, வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் வருகிற செலவு. அரிசி, பருப்பு, மின்கட்டணம் எல்லாம் மாதாமாதம் கண்முன்னே நிற்பவை. காப்பீட்டுத் தவணை பதினோரு மாதம் கண்ணில் படாமல் இருந்துவிட்டுப் பன்னிரண்டாவது மாதம் கதவைத் தட்டும்.

ஒரு முழுத்தாளில் பன்னிரண்டு மாதங்களின் பெயரையும் எழுதுங்கள். போன வருடத்து வங்கிக் கணக்கு அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதாமாதம் வராத செலவு ஒவ்வொன்றையும் அதனதன் மாதத்துக்கு நேரே குறியுங்கள். பள்ளிக் கட்டணம், சீருடை, வீட்டு வரி, வண்டிப் பராமரிப்பு, பல் மருத்துவர், கண்ணாடி மாற்றுவது, உறவுக்காரர் வீட்டு விசேஷங்களுக்குச் செய்யும் மொய், வருடத்துக்கு ஒரு முறை போகும் பயணம், எப்படியும் வந்தே தீரும் வீட்டு ரிப்பேர். வங்கி அறிக்கையில் ரொக்கச் செலவு தெரியாது. அதனால் வீட்டில் இருக்கும் மற்றவர்களிடமும் கேளுங்கள். நீங்கள் மறந்ததை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். வருடச் செலவுகள் மொத்தமாக ஒன்றரை மாதச் சம்பளம் என்று வந்தால், மாதாமாதம் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கை அதற்காக ஒதுக்க வேண்டும். பலருக்கு இந்த இடத்தில் முகம் வாடிவிடும். "எட்டில் ஒரு பங்கா? எங்கே போவது?" என்பார்கள். ஆனால் இது புதிய செலவு இல்லை. இத்தனை வருடமும் கட்டிக்கொண்டுதான் இருந்தீர்கள், கடனாக வாங்கி வட்டியும் சேர்த்து. அந்த எட்டில் ஒரு பங்கு உங்கள் சம்பளத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. மீதி எட்டில் ஏழுதான் உண்மையான சம்பளம் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடத்தில் பன்னிரண்டால் வகுக்கும் கணக்கு முழுசாகச் செல்லாது. பெரிய கட்டணம் ஒன்று நான்கு மாதத்தில் வருகிறது என்றால் அதை நான்கால்தான் வகுக்க வேண்டும். முதல் வருடம் கடினம், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வருடம் கட்டண நாளில் பணம் தயாராக இருக்கும். முன்பணம் கேட்டு வந்துகொண்டிருந்த ஒருவர் அப்படி வருவதை நிறுத்திய வருடம், அவர் நடையே மாறியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த ஓர் அம்மா இதைக் காகித உறைகளில் செய்தார். ஒவ்வோர் உறையின் மேலும் எதற்கு, எந்த மாதம், எவ்வளவு என்று எழுதியிருப்பார். நீங்கள் தனி வங்கிக் கணக்கில் செய்யலாம். எந்த முறையானாலும் அந்த எழுத்து முக்கியம். "சேமிப்பு" என்று பொதுவாகக் கிடக்கும் பணத்தை எடுக்கக் கை கூசாது. "மகள் தேர்வுக் கட்டணம்" என்று எழுதிய உறையைப் பிரிக்க யாருக்கும் எளிதில் மனம் வராது.

சேமிப்பை நாளைய பணத்திலிருந்து தொடங்குங்கள்

செலவு போக மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று இருந்தால் மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே, முடிந்தால் அதே மணி நேரத்தில், வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். 1904இலேயே ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் வெளியிட்ட குடும்பக் கணக்கேட்டின் அடிப்படையும் முன்கூட்டியே திட்டமிடுவதுதான். செலவழித்த பின் எழுதுவது மட்டும் கணக்கு ஆகாது.

இப்போதே சம்பளம் பற்றவில்லை என்பவர்களுக்கு என் பதில்: இன்றைய சம்பளத்தைத் தொடாதீர்கள், அடுத்த சம்பள உயர்வைத் தொடுங்கள். ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் வரும் ஒரு நிறுவனத்தில் இதைத்தான் செய்தார்கள். இப்போதே கூடுதலாகச் சேமியுங்கள் என்ற ஆலோசனைக்குத் தயங்கிய ஊழியர்களிடம், "அடுத்தடுத்த சம்பள உயர்வில் ஒரு பகுதி நேராகச் சேமிப்புக்குப் போகட்டும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்றார்கள். 78 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். 40 மாதத்தில் அவர்களுடைய சேமிப்பு, சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக ஏறியது. கைக்கு வராத பணத்தை விட்டுக்கொடுப்பதில் வலி இல்லை. தேலருக்கு 2017இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதைச் செய்யச் சரியான நாள், உயர்வுக் கடிதம் கையில் கிடைத்த நாள். புதிய சம்பளம் வங்கியில் விழுந்த பிறகு காத்திருக்காதீர்கள். உயர்வில் பாதி சேமிப்புக்கு, பாதி வீட்டுக்கு என்று அன்றே எழுதிவிடுங்கள். முழுவதையும் சேமிக்கச் சொல்ல மாட்டேன். உழைத்து வாங்கிய உயர்வில் வீட்டுக்கு ஒரு பங்கும் தெரியவில்லை என்றால் ஏற்பாடு நிலைக்காது. ஓவர்டைம் பணம், போனஸ், நிலுவைத் தொகை எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

மாதச் சம்பளம் இல்லாதவர்கள், வரவு ஏறி இறங்குகிறவர்கள், ஒரு படி கூடுதலாகச் செய்ய வேண்டும். கடந்த ஒரு வருட வரவை மாதவாரியாக எழுதி, அதில் மிகக் குறைந்த மூன்று மாதங்களின் சராசரியை எடுங்கள். அதுவே நீங்கள் உங்களுக்குக் கொடுத்துக்கொள்ளும் சம்பளம். நல்ல மாதத்தில் அதற்கு மேல் வருவது இன்னொரு கணக்கில் தங்கி, மோசமான மாதத்தில் உங்களுக்குச் சம்பளம் போடும்.

அவசர நிதி

மூன்று முதல் ஆறு மாத வீட்டுச் செலவு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வரவு நிலையில்லாதவர்களுக்கும், ஒருவர் சம்பாத்தியத்தில் மட்டும் ஓடும் குடும்பத்துக்கும் ஆறுகூடப் போதாது என்பது என் கருத்து. உடனே எடுக்கக்கூடிய, மதிப்பு இறங்காத இடத்தில் அது இருக்கட்டும். அதற்கு அதிக வட்டி தேடி அலைய வேண்டாம். எது அவசரம் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். வேலை போவது, மருத்துவமனை, வீட்டுக்கு உடனே செய்தாக வேண்டிய பழுது. தள்ளுபடி விற்பனை அதில் வராது.

வட்டியை நீங்களே கணக்குப் போடுங்கள்

கடன் கொடுப்பவர் சொல்லும் வட்டியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று நினைப்போம். கட்டாமல் விட்ட வட்டிக்கும் வட்டி ஏறினால் அது வருடத்துக்கு 42.6 சதவீதம். கிரெடிட் கார்டில் "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டி வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிலுவையில் 5 சதவீதம் கட்டச் சொல்கிறார்கள், வட்டி மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டும் ஐந்தில் மூன்று வட்டிக்கே போய்விடும், இரண்டுதான் அசலில் கழியும். புதிதாக ஒரு பொருளும் வாங்காமல் இருந்தாலும் அந்தக் கடன் பாதியாகவே ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும்.

"ஃபிளாட் வட்டி" இன்னொரு பொறி. 12,000 கடன், வட்டி 10 சதவீதம், ஒரு வருடம், மாதம் 1,100 தவணை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். பதினோராவது மாதத்தில் உங்கள் கையில் இருப்பது 12,000 அல்ல, அதில் ஆறில் ஒரு பங்குதான். வட்டியோ கடைசிவரை முழு 12,000க்கும் போடப்படுகிறது. குறைந்துவரும் நிலுவையில் கணக்கிட்டால் அந்த 10 சதவீதம் உண்மையில் ஏறக்குறைய 18 சதவீதம். இரண்டு கடன்களை ஒப்பிடும்போது "குறையும் நிலுவைக்கு எத்தனை சதவீதம்? கட்டணங்கள் உட்பட மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பல கடன் இருந்தால் எதை முதலில் அடைப்பது? எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, கூடுதல் பணம் முழுவதையும் அதிக வட்டிக் கடனில் போடுவதுதான் கணக்குப்படி சரி. ஒரே ஒரு விலக்கை நான் ஏற்றுக்கொள்வேன். சொந்தக்காரரிடமோ நண்பரிடமோ வாங்கிய கைமாற்று இருந்தால், வட்டியே இல்லை என்றாலும் அதை முதலில் கொடுத்துவிடுங்கள். அவர் கேட்காமல் இருப்பது அவருடைய பெருந்தன்மை. அதை நாம் அவகாசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதிக வட்டிக் கடனை வைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் குறைந்த வட்டிக்குச் சேமிப்பவர்கள் நிறைய. சேமிப்பு 6 சதவீதம் தருகிறது, கடன் 42 சதவீதம் தின்கிறது என்றால் சேமிப்பு என்ற பெயரில் நடப்பது இழப்பு. ஒரு மாதச் செலவுக்கான தொகையை மட்டும் கையில் நிறுத்திக்கொண்டு மீதியை அந்தக் கடனில் போடுங்கள். கடன் அடைந்த பிறகு அதே தவணைத் தொகையை நிறுத்தாமல் சேமிப்புக்குத் திருப்பிவிடுங்கள். கட்டிக் கட்டிப் பழகிய கை அது, அதன் பழக்கத்தை வீணாக்க வேண்டாம்.

பெரிய பொருள் வாங்கும்போது

கடைக்குப் போவதற்கு முன்னால், விலையைப் பார்ப்பதற்கும் முன்னால், "இதற்கு அதிகபட்சம் இவ்வளவுதான் கொடுப்பேன்" என்று ஒரு தொகையை எழுதுங்கள். விலைச் சீட்டைப் பார்த்துவிட்டால் அதில் அடித்திருக்கும் பழைய விலையே அளவுகோலாகிவிடும். 40 சதவீதம் தள்ளுபடி என்றால் 40 மிச்சம் என்று மனம் கணக்குப் போடும். பையிலிருந்து 60 போவது அந்த நேரத்தில் தெரியாது.

எதில் பணம் கட்டுகிறோம் என்பதும் முடிவை மாற்றுகிறது. டிராஜென் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைக் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்கச் சொன்னார்கள். பாதிப் பேர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், பாதிப் பேர் கிரெடிட் கார்டில். கார்டுக்காரர்கள் கேட்ட தொகை ரொக்கக்காரர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே அதிகபட்சத் தொகையை முடிவு செய்யும்போது, அதை நோட்டாக எண்ணிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பொருளின் விலையோடு அதை வைத்திருக்க ஆகும் செலவையும் எழுதுங்கள். வண்டி என்றால் எரிபொருள், காப்பீடு, பராமரிப்பு, நிறுத்துமிடம். பிறகு ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். ஒரு மாதம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால், பணமும் இருந்தால், மன உறுத்தல் இல்லாமல் வாங்குங்கள். தேவையானதை வாங்கிவிட்டுக் குற்ற உணர்ச்சியோடு பயன்படுத்துபவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அனுபவிப்பதற்கும் சேர்த்துத்தானே சம்பாதிக்கிறோம்.

கணவனும் மனைவியும் ஒரு தொகையைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்குள் வாங்குவதை யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் இருவரும் சம்மதிக்காமல் வாங்குவதில்லை. அந்த எல்லை இருவருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும், யார் எவ்வளவு சம்பாதித்தாலும் சரி.

நீண்ட காலப் பணம்

பத்து வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத பணத்தை அவசர நிதியோடு சேர்த்து வைக்காதீர்கள். 72ஐ விலைவாசி ஏறும் சதவீதத்தால் வகுத்தால், எத்தனை வருடத்தில் பணத்தின் வாங்கும் சக்தி பாதியாகும் என்று தோராயமாகத் தெரியும். 6 சதவீதம் என்றால் 12 வருடம். சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டி, வரி போக, அதைவிடக் குறைவாக இருந்தால் எண்ணிக்கை வளரும், மதிப்பு தேயும். எங்கே முதலீடு செய்வது என்பது ஒவ்வொருவர் நிலையையும் பொறுத்தது. எனக்குப் புரியாத திட்டத்தில் நான் பணம் போட்டதில்லை. நீங்களும் அது எப்படிச் சம்பாதிக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கு விளக்கிச் சொல்ல முடிந்தால் மட்டும் போடுங்கள்.

கடன் கேட்டு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது

இதையும் முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் மேலே சொன்ன எல்லாம் ஒரே மாலைப்பொழுதில் கலைந்துவிடும். கண்ணீரோடு எதிரே உட்கார்ந்திருக்கும் சொந்தத்திடம் யாராலும் கணக்குப் பேச முடியாது.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களின் சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லி வரும் உத்தரவுகளை என் கையால் பதிந்திருக்கிறேன். கடன் வாங்கியவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். கையெழுத்துப் போட்டவர் மாதாமாதம் குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டு, வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்பார். ஜாமீன் என்பது சாட்சி சொல்வது அல்ல, அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுப்பது. அந்தக் கடனை நீங்களே முழுசாக ஏற்கத் தயார் என்றால் மட்டும் கையெழுத்திடுங்கள். தயார் இல்லை என்றால் "கையெழுத்துப் போடுவதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். கேட்டவருக்கும் அது தன் மேல் உள்ள அவநம்பிக்கையாகப் படாது.

கைமாற்றாகக் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத தொகையை மட்டும் கொடுங்கள். அதற்கென்று மாதம் ஒரு சிறு தொகையைத் தனி உறையில் போட்டு வாருங்கள். கேட்டவருக்கு அந்த உறையில் இருப்பதைக் கொடுத்து, "இவ்வளவுதான் என்னால் முடியும், இதைத் திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லுங்கள். உறை காலியாக இருக்கும் மாதத்தில் இன்னொருவர் வந்தால் பள்ளிக் கட்டண உறையைப் பிரிக்காதீர்கள். அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள். மருத்துவச் செலவு என்றால் மட்டும் அவரோடு மருத்துவமனைக்கே போய், என்ன தேவை என்று பார்த்துவிட்டு, வீட்டில் மற்றவரிடமும் பேசி, அவசர நிதியிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்.